வாசலுக்கு வராத மூன்று மெயில்கள்

காலை 10.20. மருந்துத் தொழிற்சாலையின் இரண்டாம் கூடத்தில் மெயில் ஒன்று காணாமல் போனது. காணாமல் போனது மெயில், மாட்டிக்கொண்டது மூடி.

மூடி என்பது, பாட்டிலுக்கு மூடி போடும் இயந்திரத்தை ஓட்டுபவருக்குக் கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர். கூடத்துக்கு ஜன்னல் கிடையாது, கைபேசிக்கும் அனுமதியில்லை. ஷிப்டுக்கு நடுவே வெளியே போக வேண்டுமானால் சுவரோரக் கணினியில் காரணத்தை எழுத வேண்டும். அந்தக் காரணமும், வாசலில் மட்டுமே தெரியும் ஓர் அனுமதி எண்ணும் வாசல் அலுவலகத்துக்கு மெயிலாகப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் கேட் சார் அந்த எண்ணை அடித்தால்தான் கதவு திறக்கும்; ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்.

சற்றுமுன் மூடியின் மச்சான் வாசலுக்குப் போன் செய்திருந்தான். கேட் சார் சேதியை இண்டர்காமில் சொன்னார். மூடியின் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டதாம், பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷனாம். புருஷனைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று அவள் அழுகிறாளாம். முதல் குழந்தை தங்கவில்லை. அன்றும் மூடி இதே ஷிப்டில்தான் நின்றிருந்தார்.

'மனைவிக்குப் பிரசவம், மருத்துவமனைக்குப் போக வேண்டும்' என்று மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. கேட் சாரோ வரவே இல்லை என்று சாதித்தார். மூடி கதவை உதைத்துப் பார்த்தார், கால்தான் வலித்தது.

10.50. கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கணினி அக்கா எழுந்து வந்து இண்டர்காமை எடுத்தார்.

"இன்னைக்கு வேற மெயில் வந்துச்சா சார்?"

"ரெண்டு வந்துச்சு. ஒருத்தருக்குப் பல்வலி. ஒருத்தர் பையன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

"மெயில் குப்பைல தேடினீங்களா?"

தேடியாயிற்றாம். இரண்டு வாரமாகக் காலி மனை விளம்பரத் தொல்லைகூட ஒழிந்து, மெயில் பெட்டி துடைத்த மாதிரி இருக்கிறதாம். அதில் அவருக்கு ஒரு பெருமை.

கூடத்திலிருந்து போன மெயில்களின் பட்டியலை அக்கா திறந்து, எது எது வந்தது என்று கேட் சாரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த இரண்டு வாரத்தில் ஐந்து மெயில்கள் போய்ச் சேரவில்லை. ஒருவர் கண் மருத்துவமனைக்குப் போகக் கேட்டது, ஒருவர் பணிமனையில் வண்டி எடுக்கக் கேட்டது, மீதி மூன்றும் மூடியுடையவை. அதற்கு முன் ஒன்றுகூடத் தவறவில்லை. அக்கா ஐந்தையும் வாய்விட்டு ஒருமுறை படித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"திரும்ப எழுதுங்க. மனைவின்னு போடாதீங்க."

"வேற என்னன்னு போட?"

"பெண்டாட்டி. மருத்துவமனையும் வேண்டாம், ஆஸ்பத்திரின்னு போடுங்க."

இந்த நேரத்தில் விளையாட்டா என்று மூடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேறு வழியில்லை. 'பெண்டாட்டிக்குப் பிரசவம், ஆஸ்பத்திரிக்குப் போகணும்' என்று அடித்தார்.

11.12. இண்டர்காம் அலறியது. "வந்துருச்சுப்பா, வந்துருச்சு!"

"எண்ணை அடிங்க சார்," என்றார் அக்கா. "அடிச்சுக்கிட்டே கேளுங்க. குற்றவாளி நீங்கதான். விளம்பரத்த ஒழிக்க, 'மனை'ன்னு இருந்தா அழிச்சிடுன்னு பெட்டிக்கு உத்தரவு போட்டீங்களா?"

கேட் சார் எண்ணை அடித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். "ஒரே ஒரு தடவை மனை விலை விசாரிச்சேம்மா. அன்னைலேருந்து ஒரு நாளைக்கு நாப்பது மெயில்."

"மனைவில மனை இருக்கு சார். மருத்துவமனைல இருக்கு, பணிமனைல இருக்கு. பெட்டிக்கு அர்த்தமா தெரியும்? குப்பைலகூடப் போடாம சத்தமில்லாம அழிச்சிருக்கு. இங்க 'அனுப்பப்பட்டது'ன்னா கிளம்பியாச்சுன்னுதான் அர்த்தம், போய்ச் சேந்தாச்சுன்னு இல்ல."

அவர் முடிப்பதற்குள் கதவு திறந்தது. மூடி தலையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினார். ஆபரேஷன் அறை வாசலில் அவள் கையைப் பிடித்தபோது மணி 11.52.

கேட் சார் அந்த உத்தரவை அன்றைக்கே நீக்கிவிட்டார். ஒன்பது நாள் கழித்து வாசலுக்கு ஒரு மெயில் வந்தது: 'பெண்டாட்டியையும் மகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர.'

இனிமேல் மனைவி என்றே எழுதலாமே என்று கேட் சார் இண்டர்காமில் சங்கடத்தோடு சொன்னார்.

"வேண்டாம் சார்," என்றார் மூடி. "பெண்டாட்டின்னாத்தான் கதவு திறக்குது."