ஜான்சி உட்கார்ந்த இடம்

“யாரும் கிட்ட வராதீங்க! கோயில் வாசலை விட்டு வெளியே போங்க!”

தவமணி போட்ட அதட்டலில் கூட்டம் மடமடவெனப் பின்வாங்கியது. அவள் கையிலிருந்த தோல்வாரின் மறுமுனையில் ஜான்சி நின்றது. கருப்பு டாபர்மேன். சுற்றுவட்டாரப் போலீஸ் மோப்ப நாய்களில் அதை மிஞ்ச ஆளில்லை. அது ஜான்சிக்கே தெரியும் என்பதுபோலத்தான் நிற்கும்!

கோட்டமேட்டு அம்மனின் ஐம்பொன் சிலையை இரவோடு இரவாக யாரோ தூக்கிவிட்டார்கள். காவலுக்குப் படுத்திருந்த மாரப்பனையும் காணவில்லை. மறுநாள் தேர்த் திருவிழா. மாரப்பன்தான் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சாட்சி, விசாரணை எல்லாம் ஊருக்கு எதற்கு? விடிந்ததுமே அவன் வீட்டு ஓட்டின்மேல் கல் விழத் தொடங்கிவிட்டது.

“எங்க வீட்டுக்காரரு அப்பிடி ஆளு இல்லீங்கம்மா,” என்று அழுதாள் மாரப்பனின் மனைவி செல்லி. “எப்பிடியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லேன்னா இந்த ஊருல எங்களால தலைகாட்ட முடியாது.”

“அழாதீங்க. இதோ கிளம்பிட்டோம்,” என்றாள் தவமணி.

“தவம்! இங்க பாரு!” கருவறைப் படியில் கிடந்த துண்டைக் கையில் தூக்கிக் காட்டினான் மாதேஷ். “மாரப்பனோடது!”

தவமணிக்குத் திக்கென்றது. நாய்க்கு மோப்பம் காட்ட வேண்டிய பொருளை வெறும் கையால் தொடக்கூடாது. தொட்டவன் வாசனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாய்ப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் அது. மாதேஷும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படித்த பாடம். அங்கேதான் காதலும் பிறந்தது. ஆவணியில் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று. அவனுடைய நாய் சுல்தான் வயதாகி ஓய்வு பெற்றுவிட்டதால், அவனைத் திருவிழா பந்தோபஸ்துக்கு இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“ஏன் கையால எடுத்தே? பச்சைப் பிள்ளையா நீ?”

“பதட்டத்துல எடுத்துட்டேன். மன்னிச்சுடு தாயே!” அவன் காதைப் பிடித்துக்கொண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதல் வந்துவிட்டால் கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் சிரிப்புதான் வரும். என்ன செய்ய!

ஜான்சி துண்டை முகர்ந்தது. நேராக மாதேஷின் முன்னால் போய் உட்கார்ந்தது. வாசனை பொருந்தினால் அப்படி உட்காரத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

“பாருங்க சார், திருடனைப் பிடிச்சிடுச்சு!” என்று மாதேஷே இரண்டு கைகளையும் நீட்டினான். இன்ஸ்பெக்டர் அற்புதராஜ் வயிறு குலுங்கச் சிரித்தார். தவமணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு எரிகிறது.

அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “தேடு!” என்றாள்.

ஜான்சி பாய்ந்தது!

கோயிலின் பின்புறம், கரட்டு மேடு, அதற்கப்பால் கரடிப்பாறைக் காடு. முள் கிழித்தது. வெயில் ஏறியது. முன்னால் ஜான்சியும் தவமணியும், நடுவில் மூச்சு வாங்கியபடி இன்ஸ்பெக்டர், கடைசியில் மாதேஷ். ஓர் ஓடை குறுக்கிட்டது.

“அவ்வளவுதான் சார். தண்ணியில வாசனை போயிருக்கும்,” என்றான் மாதேஷ். “இடது பக்கம் போனா பஸ் ரோடு. திருடன் அங்கதான் போயிருப்பான்.”

“சரியாச் சொன்னேப்பா,” என்று இன்ஸ்பெக்டர் இடது பக்கம் திரும்பினார். அவருக்கு ரோடும் வேண்டும், ரோட்டோரம் டீயும் வேண்டும்.

ஆனால் ஜான்சி ஓடையைத் தாண்டி வலது பக்கம் இழுத்தது.

“சார், காட்டுல நான் நாயைத்தான் நம்புவேன்!” தவமணி தண்ணீரில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

வலது பக்கம் வழுக்குப் பாறை. பாதி ஏறியவளின் கால் சறுக்கியது. கீழே ஆழமான பள்ளம்! மாதேஷ் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் முழங்கை பாறையில் உரசி ரத்தம் வழிந்தது. பிடியை விடவில்லை.

“பயந்துட்டியா?”

“நீ இருக்கியே, எனக்கென்ன பயம்,” என்றாள் தவமணி. அது பொய்யில்லை. அவன் பிடித்ததும் பொய்யில்லை. அதுதான் கொடுமை.

பாறைக்கு மேலே புதர் மூடிய குகை. ஜான்சி உள்ளே நுழைந்து குரைத்தது. டார்ச் வெளிச்சத்தில், கை கால் கட்டப்பட்டு, தலையில் காய்ந்த ரத்தத்துடன் மாரப்பன் கிடந்தார். உயிர் இருந்தது! தவமணி கட்டை அறுத்து, வாயில் தண்ணீர் விட்டாள்.

“பின்னாலேர்ந்து அடிச்சாங்க. படியில வச்சு என் துண்டாலயே வாயைப் பொத்தி இழுத்தாங்க. துண்டு அங்கயே விழுந்துடுச்சு,” என்று முனகினார் மாரப்பன். “மொகத்தைப் பாக்கலீங்க. வெளிய வந்ததும் மயங்கிட்டேன்.”

“அங்கே பாருங்க!” இன்ஸ்பெக்டரின் டார்ச் பாறை இடுக்கில் நின்றது. வாய் கட்டிய ஒரு சாக்கு மூட்டை. ஓட்டை வழியே ஐம்பொன் மினுங்கியது.

“கனமா இருக்கும் சார், நான் எடுக்கறேன்!” மாதேஷ் கையை நீட்டிக்கொண்டு விரைந்தான்.

“தொடாதே!”

குகையே அதிர்ந்தது. ஏன் கத்தினோம் என்று தவமணிக்குக் கத்திய பிறகுதான் புரிந்தது. காலையில் துண்டு. இப்போது சாக்கு. நாயைப் பழக்கும் எந்தப் போலீஸ்காரரும் ஒருமுறைகூடச் செய்யாத தப்பை இவன் இரண்டாம் முறை செய்யப் பார்க்கிறான். எல்லோர் கண்முன்னாலும் தொட்டுவிட்டால், நாய் தன்னிடம் வந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

“விடும்மா. சிலை கிடைச்சாச்சு, கிளம்பலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “இந்த மாரப்பனும் கூட்டுக்களவாணியாத்தான் இருப்பான். பங்குச் சண்டையில கட்டிப் போட்டிருப்பானுங்க. ஸ்டேஷன்ல வச்சு விசாரிச்சா உண்மை வந்துடும்.”

மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

பேசாமல் கிளம்பியிருக்கலாம். சிலை வந்துவிடும், தேர் ஓடும், ஆவணியில் கல்யாணமும் நடக்கும். மாரப்பன் மட்டும் உள்ளே போவார். செல்லியின் அழுகை காதில் கேட்டது.

“இந்தச் சாக்கை நாம யாரும் இன்னும் தொடலை சார். ஒரு தடவை மோப்பம் காட்டிடறேன்.”

“வேணாம் தவம்,” என்றான் மாதேஷ், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் ஜான்சியைச் சாக்கின் முடிச்சருகே கொண்டுபோனாள். தப்பாகப் போயேன் ஜான்சி, இன்றைக்கு ஒருநாள் தப்பாகப் போயேன் என்று மனம் கெஞ்சியது. ஜான்சி மாரப்பனை முகர்ந்து விலகியது. இன்ஸ்பெக்டரை முகர்ந்து விலகியது. மாதேஷின் முன்னால் போய் உட்கார்ந்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது. “பழகின ஆளுன்னு போயிருக்கும். இல்லேம்மா?” அவர் குரலில் அவள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஏக்கம் இருந்தது.

“பழகின ஆளுன்னா வாலை ஆட்டும் சார். உட்காராது. உட்கார்ந்தா இது அவர் கட்டின முடிச்சு.”

மாதேஷ் மறுக்கவில்லை. ஜான்சி தப்பாக உட்காராது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? “நமக்காகத்தான் செஞ்சேன், தவம். எத்தனை நாளைக்கு நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கிட்டே காலம் தள்ளுறது?”

“நமக்காகன்னு சொல்லாதே. அந்த ஆள் செத்திருப்பாரு. இதுல என்னைச் சேர்க்காதே!”

விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. ஜான்சி இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. காதை நிமிர்த்தி, தவமணியை ஆவலோடு பார்த்தது. சரியாகக் கண்டுபிடித்த நாயை அந்த இடத்திலேயே பாராட்ட வேண்டும். குரலில் மகிழ்ச்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தான் தப்பு செய்துவிட்டதாக நாய் நினைத்துக்கொள்ளும்.

“பாராட்டு தவம்,” என்றான் மாதேஷ் தலையைக் குனிந்தபடி. “ஜான்சி காத்துக்கிட்டு இருக்கு.”

அவள் மண்டியிட்டாள். கண்ணில் நீர் கொட்ட, குரலை மட்டும் எங்கிருந்தோ இழுத்து வந்தாள். “சபாஷ்டி ஜான்சி! சபாஷ்டி என் தங்கமே!” நாய் நம்பிவிட்டது. துள்ளிக் குதித்து அவள் கன்னத்தை நக்கியது.

மாலையில் ஊரே மேளத்தோடு எல்லைக்கு வந்து சிலையை வரவேற்றது. காலையில் கல்லெறிந்தவர்களே மாரப்பனைத் தோளில் தூக்கினார்கள். செல்லி தவமணியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூசாரி ஜான்சிக்கு மாலை போட்டார். ஒரே கைதட்டல்! வாசனையில் வேண்டியவன், வேண்டாதவன் என்று நாய்க்குப் பேதம் கிடையாது. மனிதர்களும் அதைப் பழகிக்கொள்ளலாம். வலிக்கும், அவ்வளவுதான்.

ஜான்சி திடீரென்று வாரை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடியது. ஓரமாக நின்ற போலீஸ் ஜீப்பின் பின்னால், விலங்கோடு குனிந்திருந்த மாதேஷின் முன்னால் போய் மறுபடியும் உட்கார்ந்தது. இத்தனை பேர் தன்னைக் கொண்டாடிய காரியம் இதுதானே என்று தவமணியைத் திரும்பிப் பார்த்தது.

தவமணி பைக்குள் கைவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள்.