கடல் நிமிடம்

இந்தக் காலத்து ஜனங்களைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தபடி போகிறார்கள். எதிரே லாரி வந்தாலும் தெரியாது, வீட்டில் பிணம் கிடந்தாலும் தெரியாது. ஏசுபாதம் தினமும் இதைச் சொல்வார். திங்கட்கிழமை மாலையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், அலமாரி மேலிருந்த பழைய ரேடியோ தானாகக் கரகரக்கும்வரை.

மணி ஆறு. அலைவாசல் எஃப்.எம். இருந்த இடத்திலேயே முள் நின்றிருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு மாடியில் அந்த நிலையம் பத்து வருஷம் பாடியது. ஏசுபாதம் அங்கே வாட்ச்மேன். தினமும் ஆறு மணிக்குப் பாட்டை நிறுத்துவார்கள். அவர் ஜன்னல் வழியாக மைக்கைப் பாறைக்கு மேலே இறக்குவார். ஒரு நிமிடம் அலைச் சத்தம் மட்டும் போகும். அதைக் கேட்டே குப்பத்துப் பெண்கள் மறுநாள் விடியலில் படகு இறங்கலாமா என்று சொல்லிவிடுவார்கள். பிறகு மைக்கை மேலே இழுத்து, உப்பைத் துடைத்து வைப்பதும் அவர் வேலைதான். மூன்று வருஷத்துக்கு முன் நிலையத்தை மூடிய அன்று மட்டும் இழுக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆத்திரத்தில் கத்தியை எடுத்து ஒயரை அறுத்து, மைக்கைக் கடலோடு விட்டுவிட்டார்.

"கெடக்கட்டும் சனியன்."

இப்போது ரேடியோவில் அதே அலை. சரியாக ஒரு நிமிடம்.

"யோவ், நம்ம ஸ்டேஷன்தான அது?" கட்டிலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி ஜெபா. இளைப்புக்காரி, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நெஞ்சு விசிலடிக்கும்.

"ஸ்டேஷனாவது மண்ணாவது. டவரையே கழட்டிகினு போய்ட்டானுங்க. பக்கத்து வூட்டுத் துரை ஏதோ மிஷினு வச்சி வெளாட்றான்."

செவ்வாயன்று அலை தூரத்தில் கேட்டது. கிட்டத்தில் சவுக்குத் தோப்பின் ஊளை. அதற்கடியில், ஈரமான எதுவோ மணலில் இழுபடும் சத்தம். புதனன்று ஈசிஆரில் பஸ் ஹாரன், தார் ரோட்டில் உரசல். வியாழனன்று உளிகள் டக் டக்கென்றன. தெருமுனைச் சிற்பப் பட்டறை.

ஜெபா அவர் கையைப் பிடித்தாள்.

"ஜெனிஃபர் வூட்டுக்குப் போய்டலாம்யா. அது இங்கதான் வந்துகினு கீது."

மகள் வீடு அணுபுரத்தில். ஆட்டோ பிடித்தால் அரை மணிதான்.

"நீ இன்னா லூசா? ரேடியோவுக்குப் பயந்து வூட்ட வுட்டு ஓடுனான்னு ஊரே சிரிக்கும்."

சொன்னாரே தவிர, தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ரேடியோவிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தார்.

வெள்ளி. மணி ஆறு. பேட்டரி இல்லாத ரேடியோ கரகரத்தது.

கேட்டின் கிறீச். அவர் வீட்டுக் கேட். எண்ணெய் விடாத கீல். பிறகு ஒரு விசில். கட்டிலிலும் கேட்டது, ரேடியோவிலும் கேட்டது. ஜெபாவின் மூச்சு. வாயருகே மைக்கைப் பிடித்ததுபோல அவ்வளவு கிட்டத்தில். வீட்டுக்குள் அழுகிய பாசி நாற்றம்.

கட்டிலுக்கு அடியில் பார்க்க அவர் குனியவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு மருந்து வாங்கப் போனவர், ஆறு மணிக்குத் திரும்பினார். பூட்டிய கதவு பூட்டியபடி இருந்தது. உள்ளே தரையெல்லாம் மணல். கட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜெபாவின் கண்கள் திறந்திருந்தன. மூக்கருகே விரல் வைத்தார்.

இல்லை.

ரேடியோவில் அலை. அலைக்குள் ஒரு விசில். இழுத்து, இழுத்து.

"யோவ்... மேல இழுய்யா."

மருந்துப் பை விழுந்தது. அவர் தெருவுக்கு வந்தார்.

"டேய் தொரை! வெளிய வாடா! பொம்பள கொரல்ல வெளாட்றியா?"

துரை வீட்டு வாசலில் பூட்டு தொங்கியது. அதன்மேல் பத்து நாள் தூசி.

"உள்ளதான் ஒளிஞ்சிகினு கீறான். எல்லாம் மிஷினு."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால், திறந்த கதவு வழியாக, ரேடியோவில் இப்போது செருப்புச் சத்தம். இடது காலைச் சற்றே இழுக்கும் நடை. அவருடையது.

நின்றார்.

ரேடியோவில் சத்தம் நிற்கவில்லை.

"மிஷினுதான்," என்றபடி மறுபடி நடந்தார், வேகமாக, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். வீட்டுக்குள், ரேடியோவில், அந்தச் செருப்புகள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன.