ஏழாம் லைனை அறுக்காதே

மழை இருட்டு நேரத்தோடேயே இறங்கிவிட்டிருந்தது. தபால்கந்தோரின் பின்னறையில் நனைந்த குடைகளின் வாடையும் சூடேறிய ரப்பர் வயரின் மணமும் ஒன்றாய்க் கிடக்க, ஓட்டுக் கூரையில் தண்ணீர் இரைகிற சத்தத்துக்குள் டெலிபோன் சுவிச்போர்டின் மெல்லிய ரீங்காரம் கேட்டும் கேட்காமலும் இருந்தது. பாலேஸ்வரி வேலை மாற வந்து பின்னால் நின்றும் போர்டில் இருந்த செபஸ்தியம்மா திரும்பவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. மாற்று ஆள் வருகிற காலடி கேட்டாலே பையைத் தூக்குகிற மனுஷி அவள்.

"ஏழாம் லைனிலை அவசரக் கோல்," என்றாள் செபஸ்தியம்மா, போர்டைப் பார்த்தபடியே. "எடுத்திட்டன் எண்டு சொல்லும்."

ஆள் மாறும்போது அவசர அழைப்பை அறுக்கக்கூடாது. வருகிறவள் தன் ஹெட்போனையும் செருகி, காது கொடுத்துக் கேட்டு, பிறகுதான் 'எடுத்திட்டன்' என்பாள். அதற்குப் பிறகு அந்த அழைப்பு அவள் பொறுப்பு.

"கேட்டுப்போட்டுச் சொல்லுறன், அக்கா."

"முதல் சொல்லும்."

எதையோ என் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று பாலேஸ்வரிக்குப் பட்டது. ஆனால் அந்த முனையில் நோயாளியை வைத்துக்கொண்டு இங்கே மல்லுக்கட்டவா முடியும்? "சரி, எடுத்திட்டன்," என்றாள். செபஸ்தியம்மா எழும்பினாள், குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

லைனில் ஒரு பெண். "பிள்ளைக்கு மூச்சு வாங்குது. அம்புலன்சை அனுப்புங்கோ." அழுகையும் இல்லை, பதற்றமும் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் கேட்கிறவளுக்குக்கூட இதைவிட அவசரம் இருக்கும்.

ஏழாம் லைன் அளவெட்டியில் ஒரு குளத்தடி வீடு. வீட்டுக்காரர் வெளிநாடு போக, பூட்டிக் கிடக்கிறது. யாரோ பூட்டை உடைத்திருக்கிறார்கள், அம்புலன்சைப் பறிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். ஓடுகிற வண்டியை மறித்துப் பறிக்கிற காலமாகவும் அது இருந்தது. அந்த அம்புலன்சை ஓட்டுகிறவன் அவளுடைய அண்ணன் மார்க்கண்டு. தாய் தகப்பன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உயிர்.

"ஆர் கதைக்கிறியள்?"

"உங்கடை அண்ணைதானே வாறார்?"

பாலேஸ்வரி ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். உண்மையிலேயே ஒரு பிள்ளை துடித்துக்கொண்டிருந்தால்? அரைமனதோடு ஆஸ்பத்திரி லைனை எடுத்தாள். காவலாளி நமசிவாயத்தார், "மார்க்கண்டு இந்தா வெளிக்கிடுறான்," என்றார்.

"ஆக்களைத் தெரியாட்டி உள்ளுக்குப் போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

பிறகு அவள் ஏழாம் லைனையே கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பேசவில்லை, பிள்ளையின் இழுப்பும் இல்லை, குளத்துத் தவளைகளும், எங்கோ ஒரு பாத்திரத்தில் ஒழுக்குச் சொட்டுகிற சத்தமும், ஈரச் சுவருக்குள் நின்று யாரோ தன்னைக் கவனிக்கிற மாதிரி ஒரு அமைதியும்தான் வயர் வழியே வந்தன. வெகுநேரம் கழித்து வாகனம் ஒன்று வந்து நின்றது. காலடி. கதவு. ரிசீவரை யாரோ தூக்கினார்கள்.

"பாலேஸ், இங்கை ஒருத்தரும் இல்லை. போன் மட்டும் எடுத்தபடி கிடக்குது." அண்ணையின் குரல்.

"வெளியிலை போங்கோ, அண்ணை. இப்பவே."

"கதவு திறக்குதில்லை."

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி லைனில் அழைப்பு வந்து அதன் தகடு விழுந்தது. மற்ற வயரைச் செருகினாள்.

"தங்கச்சி, நான்தான். வண்டி ஸ்ராட் வராமல் ஆஸ்பத்திரிப் படலையிலேயே நிண்டிட்டுது. இப்பதான் சரிவந்தது. போகட்டோ?"

அதே குரல். அண்ணை போகவே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போகாதேங்கோ. அது பொய்க் கோல்."

"அப்ப உன்னட்டை வரட்டோ? தனிய இருக்கிறாய்."

"ஓம், வாங்கோ."

அந்தக் குரல் லைனை வைத்துவிட்டது. ஏழாம் லைனில் நடுங்குகிற மூச்சு. "பாலேஸ், ஆரோடை கதைச்சனீ?"

"நீ ஆர்?" என்றாள் அவள். "சொல்லு பாப்பம், அம்மா என்னை என்னெண்டு கூப்பிடுறவ?"

"பொக்கைவாய்ச்சி எண்டு. என்ன கேள்வி இது? இங்கை ஆரோ எனக்குப் பின்னாலை நிண்டமாதிரிக் கிடந்தது. இப்ப இல்லை."

வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர் அது. ஆஸ்பத்திரியைத் திரும்ப எடுத்தாள்.

"மார்க்கண்டு அப்பவே போயிட்டான், பிள்ளை," என்றார் நமசிவாயத்தார். "இங்கையிருந்து ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை."

வெளியே வாகனச் சத்தம். வெளிச்சம் சன்னலில் ஏறி நின்றது. பின்கதவால் ஓடலாம். ஓடினால் ஹெட்போனைக் கழற்ற வேண்டும்.

"அறுத்துப் போடாதை, பாலேஸ். எனக்குப் பயமாயிருக்கு."

அவள் அறுக்கவில்லை.

வாசல் கதவு திறந்தது. காக்கிச் சட்டை. அண்ணையின் முகம். அவ்வளவு மழையிலும் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பாலேஸ்? நிக்கிறியோ?" என்றான் ஏழாம் லைனில் அண்ணை.

பதில் சொல்ல அவள் போர்டை நோக்கிக் குனிந்தாள். வாசலில் நின்றது வாயைத் திறந்து, அவளுடைய குரலில் சொன்னது:

"ஓம், அண்ணை. நிக்கிறன்."