நாலாவதாக வந்தால் பன்றிக்குட்டி

வெனிஸில் நாங்கள் நின்றுகொண்டுதான் துடுப்பு போடுவோம். முகம் போகிற திசையைப் பார்த்திருக்கும். வேறு எப்படிப் போவது? முதுகைக் காட்டிக்கொண்டு போனால் பாலத்தில் மண்டை இடிக்காதா?

அதனால்தான் அந்தச் செப்டம்பரில் உலகப் படகுப் போட்டி எங்கள் ஊருக்கு வந்தபோது ஓர்சோலாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. வந்திறங்கிய வீரர்கள் எல்லாரும் உட்கார்ந்துகொண்டு, அதுவும் பின்பக்கமாகவே போனார்கள்.

ஓர்சோலாவுக்குப் பத்து வயது. எங்கள் கால்வாயின் கடைசி வீடு அவளுடையது. எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ என்று கேட்காமல் விடமாட்டாள். அவளுடைய அப்பா பியேரோ, தீவுகளிலிருந்து காய்கறி ஏற்றிவரும் மோட்டார் படகு வைத்திருக்கிறார். ஊரில் விடுதிகள் எல்லாம் நிரம்பி வழிந்ததால், தன் வீட்டு மாடி அறையை ஒரு வீராங்கனைக்குக் கொடுத்திருந்தார்.

அவள் பெயர் ஹிமேனா. உருகுவே நாட்டுக்காரி. அவள் பேசுவது ஸ்பானிஷ், இவர்கள் பேசுவது வெனிஸ் பேச்சு. பாதி புரியும், மீதியைக் கைகள் பேசிவிடும்.

காலையில் எழுந்ததும் ஹிமேனா ஒரு சுரைக்குடுக்கையில் பச்சை இலைத்தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழலால் உறிஞ்சுவாள். ஓர்சோலாவும் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தாள். வேப்பிலைக் கஷாயமே தேவலை என்று தோன்றுகிற கசப்பு. ஆனாலும் கேள்வி கேட்பதற்காக எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“வழியைப் பாக்காம எப்படிப் போற?”

“ரெண்டு பக்கமும் மிதவை கட்டியிருப்பாங்க. அதுக்கு நடுவுலயே போயிடுவேன்” என்றாள் ஹிமேனா.

“அப்ப முன்னாடி போறவங்க தெரியவே மாட்டாங்களா?”

“மாட்டாங்க. எனக்குப் பின்னாடி வர்றவங்கதான் தெரியும். யாருமே கண்ணுல படலைன்னா நான்தான் கடைசின்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டு ஹிமேனா சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. தனி ஆள் படகில் தன்னைவிட வேகமானவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், பதக்கமும் மூன்றுதான், தனக்கு அது எட்டாது என்று மெதுவாகச் சொன்னாள். புறப்படும் கோட்டில் போய் நின்றாலே கால் நடுங்குகிறதாம். எதற்காக இவ்வளவு தூரம் வந்தோம் என்றுகூடத் தோன்றுகிறதாம்.

பதக்கம் மூன்று என்று அவள் சொன்னதை ஓர்சோலா கேட்டாள். ஆனால் பதக்கம் மூன்று என்றால் பரிசும் மூன்றுதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

“அதுக்கென்ன, நாலாவதா வந்துடு. நாலாவதுக்குத்தான் பன்றிக்குட்டி” என்றாள் ஓர்சோலா.

ஹிமேனா குழலை வாயிலிருந்து எடுத்தாள். “என்ன குட்டி?”

ஓர்சோலா விவரமாகச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பந்தயத்தில் முதலில் வருபவருக்குச் சிவப்புக் கொடி, இரண்டாவதுக்கு வெள்ளை, மூன்றாவதுக்குப் பச்சை. நாலாவதுக்கு நீலக் கொடியும் ஒரு பன்றிக்குட்டியும். அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போதெல்லாம் பெரிய பந்தயத்தில் கண்ணாடியில் செய்த குட்டியைத்தான் தருகிறார்கள். ஆனால் அதைச் சொல்லவந்த நேரத்தில் ஹிமேனா விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள். குடுக்கையில் இருந்த கஷாயமெல்லாம் மடியில் கொட்டிவிட்டது.

அன்று மாலையே ஹிமேனா தன் தம்பி நாச்சோவைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் பல் விழுந்த ஒரு சின்ன முகம் தெரிந்தது. அவன் ஓர்சோலாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“அது கத்துமா?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, ‘கண்ணாடி’ என்று எப்படிச் சொல்வது? ஓர்சோலாவின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

“நல்லா கத்தும்.”

அதற்குப் பிறகு ஹிமேனா துடுப்பு போட்டதே வேறு மாதிரி இருந்தது. முதல் சுற்றில் தேறினாள். அரையிறுதியிலும் தேறினாள். கோட்டில் போய் நின்றால் பன்றிக்குட்டிதான் நினைவுக்கு வருகிறதாம், சிரிப்பு வந்துவிடுகிறதாம், சிரிக்கும்போது கால் நடுங்குவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் துடுப்பு போடப்போகும் ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

சனிக்கிழமை வேறு பிரிவுகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஓர்சோலா மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். மூன்று படகுக்காரர்கள் ஏறினார்கள், பதக்கம் வாங்கினார்கள், இறங்கினார்கள். பூங்கொத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள்.

நாலாவதாக வந்தவர்கள் எங்கே என்று அங்கே பொறுப்பாக நின்ற ஒரு பெண்மணியிடம் ஓர்சோலா கேட்டாள். பரிசு மூன்று பேருக்குத்தான் என்றார் அவர். நாலாவதாக வந்தவர்கள் படகைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போதே போய்விட்டார்களாம்.

ஓர்சோலா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அண்ணன் அல்வீசேவிடம் சொன்னாள். அவனுக்குப் பதினான்கு வயது. உதவி செய்வதற்கு முன்னால் கிண்டல் செய்தே தீர வேண்டும் என்று ஒரு கொள்கை வைத்திருப்பவன்.

“உலகம் பூரா வெனிஸ்னு நெனச்சியா?” என்றான்.

அப்படித்தான் நினைத்திருந்தாள். அதுதான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயமும் காடியும் போட்டு ஊறவைத்த மத்தி மீன். அவளுக்கு உயிர். ஆனால் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஹிமேனா சீக்கிரமே மாடிக்குத் தூங்கப் போய்விட்டாள். போகும்போது, “நாளைக்குப் பன்றிக்குட்டி” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள்.

இப்போது சொன்னால் அவள் கால் மறுபடி நடுங்கும். சொல்லாவிட்டால் அது பொய். நாச்சோ வேறு கத்துமா என்று கேட்டு வைத்திருக்கிறான். ஓர்சோலா மத்தி மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் ஒன்றும் சொல்லவில்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். “அப்பா, சியோரா ஜெம்மா வீட்டுப் பன்றி குட்டி போட்டிருக்குன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா. அதுக்கென்ன?” என்றார் அப்பா. பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தார். “வேணாம்” என்றார்.

“நான் சொன்னது நிஜமாயிட்டா அப்புறம் அது பொய் இல்லையே அப்பா.”

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். தடைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சியோரா ஜெம்மாவின் தோட்டம் கடலேரிக்கு அந்தப் பக்கம், சாந்த் எராஸ்மோ தீவில் இருக்கிறது. காலையில் காய் ஏற்றப் போகும்போது கூட்டிப்போகலாம். ஆனால் திரும்பி வருவதற்குள் போட்டிக்காக மோட்டார் படகுகளை நிறுத்திவிடுவார்கள்.

“துடுப்பு போட்டு வரலாமே” என்றாள் ஓர்சோலா.

“அவ அஞ்சாவதா வந்தா?”

“வரமாட்டா.”

“சரி, மூணாவதா வந்துட்டா?”

இதை ஓர்சோலா யோசித்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப பதக்கமும் இருக்கும், பன்றிக்குட்டியும் இருக்கும். கெட்டா போச்சு?” என்றாள்.

“விடியறதுக்கு முன்னாடி எழுந்துக்கணும்” என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் காய்கறிப் படகின் பின்னால் தங்கள் சின்னத் துடுப்புப் படகைக் கட்டிக்கொண்டு அப்பா, அல்வீசே, ஓர்சோலா மூவரும் போனார்கள். சியோரா ஜெம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

“குடுக்கமாட்டேன். கடன் வேணா தர்றேன். சாயங்காலம் வந்துடணும். ஒரு சுற்று இளைச்சு வந்தாலும் உங்க அப்பாவைத்தான் கேப்பேன்.”

தக்காளிப் பெட்டியில் வைக்கோல் போட்டு, காதில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு குட்டியை வைத்துக் கொடுத்தார். அப்பா காய் ஏற்றுவதற்காகத் தங்கிவிட்டார். அல்வீசே பின்னால் நின்றான், ஓர்சோலா முன்னால் நின்றாள். துடுப்புகள் தண்ணீரில் இறங்கின.

மோட்டார் படகுகள் இல்லாததால் கடலேரி கண்ணாடி மாதிரி கிடந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த வாரம் முழுக்க அதைப் பார்க்கவென்றே கரையில் வந்து நின்றார்கள். அந்த அமைதியில் பன்றிக்குட்டி மட்டும் கத்தியது. பெட்டியில் ஒட்டிக்கிடந்த ஒரு தக்காளியைத் தின்னும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டது.

பாதி வழியில் அல்வீசே சட்டைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவள் காலடியில் போட்டான். ஒரு நீலக் கொடி. போன வருடம் சிறுவர் பந்தயத்தில் அவன் வாங்கியது. சிவப்புதான் வேண்டுமென்று இருந்தவன், அதைக் கட்டிலுக்கு அடியில் திணித்து வைத்திருந்தான்.

“கொடி இல்லாம வெறும் பன்றியை நீட்டினா சந்தைக்கு வந்த மாதிரி இருக்கும்” என்றான். “இதுவும் கடன்தான்.”

அவர்கள் பந்தயத் தடத்தின் ஓரம் வந்து, நட்டிருந்த மரக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டபோது இறுதிப் போட்டி தொடங்கிவிட்டிருந்தது.

ஆறு படகுகளும் இவர்களைப் பார்த்து வந்தன. ஆறு முதுகுகள். ஓர்சோலா நின்றுகொண்டிருந்ததால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. மூன்று படகுகள் முன்னால் போய்விட்டன. அடுத்து ஒரு மஞ்சள் படகு. அதற்கும் பின்னால்தான் ஹிமேனாவின் வான நீலப் படகு. ஐந்தாவது.

கூப்பிட வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, கம்பத்தில் கயிற்றைக் கட்டத் திரும்பிய அல்வீசே பெட்டியை இடித்துவிட்டான். பன்றிக்குட்டி பெட்டியோடு சாய்ந்தது. ஊரில் உள்ள எல்லா மணிக்கூண்டுகளையும் வெட்கப்பட வைப்பதுபோல ஒரு கத்துக் கத்தியது.

அது தன் காதில் விழுந்தது என்று ஹிமேனா இன்றுவரை அடித்துச் சொல்கிறாள். அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்காது என்கிறான் அல்வீசே. ஆனால் அவளுடைய தோள்கள் சிரிப்பில் குலுங்கியதை ஓர்சோலா பார்த்தாள். அடுத்த நொடி அந்தத் துடுப்புகள் பேய்பிடித்த மாதிரி வேலை செய்தன. மஞ்சள் படகு பக்கத்தில் வந்தது. பிறகு பின்னால் போனது. எல்லைக்கோட்டில் சங்கு ஊதியது.

ஹிமேனா துடுப்பை விட்டுவிட்டு மூச்சிரைத்தாள். அவளுக்கு எதிரே தெரிந்தவை இரண்டே படகுகள். ஆறில் இரண்டு போனால் எவ்வளவு என்று அவள் விரலை மடக்குவது தெரிந்தது. பிறகு இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கித் தன் மொழியில் ஏதோ கூவினாள். நாலாவதாக வந்தவள் எதற்காக இப்படிக் குதிக்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

மேடையில் மூன்று பேருக்குப் பதக்கம் போட்டுக்கொண்டிருந்தபோது ஹிமேனா தன் படகைக் கரை சேர்த்தாள். அதற்கு முன்பே கரையேறியிருந்த ஓர்சோலா, தக்காளிப் பெட்டியைக் காலடியில் வைத்து, நீலக் கொடியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். வழியெல்லாம் தயார் செய்து வந்த பேச்சு மறந்துபோயிருந்தது.

“ஹிமேனா, இந்தப் போட்டில நாலாவதுக்கு ஒண்ணும் கிடையாதாம். எனக்கு நேத்துதான் தெரியும். அதனால இது எங்க வீட்லேர்ந்து. ஆனா சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்.”

ஹிமேனா பெட்டியை எட்டிப் பார்த்தாள். கறுப்புப் புள்ளிக் காது அசைந்தது. அவள் ஈர உடையோடு அப்படியே படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான். தோற்றுவிட்டுக் கரைக்கு வரும்போது தனக்காக ஒருவர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை என்றாள்.

“தோத்துட்டு யாரு வந்தா? நீ நாலாவதா வந்திருக்க” என்றாள் ஓர்சோலா.

உருகுவேயில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து திரையில் முளைத்த நாச்சோவின் முன்னால் ஹிமேனா குட்டியைத் தூக்கிக் காட்டினாள். குட்டியும் ஏமாற்றவில்லை. நாச்சோ வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு, “அம்மா, கத்துது” என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டான். அதற்குப் பிறகு திரையில் வெறும் தலையணைதான் தெரிந்தது.

அதற்குள் அவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. புகைப்படக்காரர்கள் மேடையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு நெட்டைப் பெண் வந்தாள். கழுத்தில் புத்தம்புது வெண்கலப் பதக்கம். ஹிமேனாவின் மடியில் நீலக் கொடியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த குட்டியைப் பார்த்தாள். தன் பதக்கத்தைப் பார்த்தாள். மறுபடியும் குட்டியைப் பார்த்தாள்.

“இது எங்க குடுக்கறாங்க?” என்று கேட்டாள்.

ஓர்சோலா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

“அடுத்த தடவை நாலாவதா வாங்க” என்றாள்.