வெளுக்காத சட்டை

துண்டை விரித்ததும், துணி வாங்க வந்த ஜுலைகா சரக்கைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சிந்துஜாவின் சட்டையைப் பார்த்தாள். முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு பொட்டு வெள்ளை கிடையாது.

"இன்னைக்காவது உன் சட்டை வெளுக்குமான்னு பாக்கேன், சிந்து."

"வெளுக்கோணும்னா சலவைக்குப் போடறேங்கக்கா. மொதல்ல கையைக் குடுங்க."

சந்தைக் கொட்டகைக்குள் ஐம்பத்தொரு டிகிரி. அந்தச் சூட்டில் மனிதர்கள் உட்கார்ந்து பேரம் பேச முடிந்ததென்றால் அது செதில்துணியின் புண்ணியம். அதைத் தறியில் நெய்வதில்லை, தொட்டியில் வளர்க்கிறார்கள். நுண்ணுயிர்கள் நூலின் மேல் கடுகில் பாதி அளவுக்குச் செதில்களை அடுக்கிவிடும். வியர்வை பட்டதும் செதில்கள் எழுந்து நிற்கும், காற்று உள்ளே போகும், அரை நிமிடத்தில் ஈரம் காய்ந்து உடம்பு குளிரும். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காகச் செதிலின் உட்புறத்தை வெள்ளையாக வளர்த்தார்கள்.

அந்த வெள்ளைதான் வியாபாரிகளின் வயிற்றில் அடித்தது. வெயிலுக்கு வியர்த்தால் சட்டை சீராக, உப்புத் தூவியது போல வெளுக்கும். ஆனால் "சத்தியமா எனக்கு அசலே அவ்வளவு" என்று புளுகும் நொடியில் நெஞ்சுக்குழியில் குப்பென்று ஒரு கைப்பிடி வெள்ளை பூக்கும். சந்தையில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் நாணயஸ்தர்களாகிவிட்டார்கள், வேறு வழியில்லாமல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் பழக்கத்தை ஜவுளிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். விலையை விரல் சொல்லும். மனசைச் சட்டை சொல்லும்.

மீதிப் பாதிப் பேர் வேர்வைப் பூட்டு போட்டுக்கொண்டார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை சின்னச் சின்ன ஊசிகள். பிறகு ஆயுசுக்கும் வியர்க்காது, சட்டையும் வாயைத் திறக்காது. சிந்துஜாவும் அவள் கணவன் மௌலியும் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் போட்டுக்கொண்டார்கள். ஜோடியாக வந்தால் தள்ளுபடி என்று போர்டு வைத்திருந்தார்கள். வியர்க்காத உடம்பு வெந்துவிடாமலிருக்க இடுப்பில் குளிர்பை கட்டிக்கொள்ள வேண்டும், மணிக்கொரு தரம் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் தொந்தரவு.

அன்றைக்குப் பேரம் மூன்றாவது மணி நேரத்தில் இருந்தது. மௌலி புதுக் குளிர்பையோடு மனைவியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"சிந்து, ஒரு நிமிஷம் எந்திரிச்சு மாத்திக்கோ. மொகமெல்லாம் செவந்து கெடக்குது."

அவள் இடது கையால் போ என்று காட்டினாள். பேரத்தின் நடுவில் முதலில் எழுந்திருப்பவருக்குத்தான் அவசரம் என்பது சந்தைக் கணக்கு. எழுந்தால் மீட்டருக்கு இரண்டு ரூபாய் போய்விடும். ஜுலைகாவும் அதே கணக்கில் மத்தியானச் சாப்பாட்டை ஒத்திப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் கொஞ்ச நேரமாகத் துண்டிலிருந்து கையை எடுத்துவிட்டு வெறும் முறைப்பிலேயே பேரத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"கட்டாதுங்கக்கா" என்றாள் சிந்துஜா. திரும்ப, "கட்டாது" என்றாள். துண்டைப் பிடித்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தாள்.

ஜுலைகா எழுந்திருக்கவில்லை.

"மௌலி, இது என்ன புது ஆட்டமா? போன வருசம் அழுதா. இந்த வருசம் விழுதாளா?"

"அக்கா, நெசமாலுமே மயக்கமுங்க!"

"அவ சட்டையப் பாரு, கம்முன்னு கெடக்கு. உன் சட்டையும் அப்படித்தான் இருக்கு. பொண்டாட்டி விழுந்து கெடக்கையில எவன் சட்டைடே வெளுக்காம இருக்கும்?"

என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக மௌலி பிடித்த வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். பேரம் முடியவில்லை. ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வேறு ஆளிடம் சரக்கைத் தள்ளிவிட்டால்?

மருத்துவமனைக் கூடம் ஜில்லென்றிருந்தது. அங்கே யாரும் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்து அலுத்துப்போய்த்தான் அவசரப் பிரிவின் கதவுக்கு மேலே செதில்நோக்கியை மாட்டியிருந்தார்கள். முந்திக்கொள்ள ஜனங்கள் நெஞ்சுவலி என்று புளுகுவார்கள், சட்டை புளுகாது. எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அவசரம். அவர்களுக்கு முன்னால், தொண்டையில் மீன்முள் மாட்டிய ஒருவன் பால் போல வெளுத்து நின்றான். கதவு அவனுக்குப் பட்டென்று திறந்தது.

சிந்துஜாவின் தள்ளுகட்டில் முன்னால் வந்தது.

"அமைதியான நிலை" என்றது செதில்நோக்கி. "வரிசை எண் இருநூற்றுப் பத்து. இப்போது நடப்பது நாற்பத்தாறு."

நின்றிருந்த நர்ஸ் சிந்துஜாவின் நெற்றியைத் தொட்டு, கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"அய்யோ, கொதிக்குதுங்ணா! ஒரு மணி நேரம் கூடத் தாங்காதுங்ணா இது."

"அப்பக் கதவைத் தெறங்க அம்மிணி!"

"என் கையை அது நம்பாதுங்ணா. சட்டையத்தான் நம்பும். கூட வந்தவங்க சட்டை வெளுத்திருந்தா அதையும் சேத்துக்கும். நேரா நில்லுங்க."

மௌலி நேராக நின்றான். நெஞ்சு உடுக்கை போல அடித்துக்கொண்டது. சட்டை மட்டும் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவன் சட்டை போல இருந்தது.

"துணையாளருக்குக் கவலை இல்லை" என்றது செதில்நோக்கி.

நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"வேர்வைப் பூட்டுங்களா?"

"ரெண்டு பேருமேங்க."

"இந்தக் கதவுச் சாவி மேல பெரிய டாக்டர்கிட்ட இருக்குது. நான் ஓடறேன். நீங்க தண்ணி ஊத்திட்டே இருங்க."

அவள் மாடிப்படியில் ஓடினாள். மௌலி கையிலிருந்த பாட்டிலை மனைவியின் மேல் கவிழ்த்தான். சட்டை முழுக்க ஒரே நொடியில் வெண்பூவாக எழுந்தது. கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"அவசரம்..." என்று ஆரம்பித்த செதில்நோக்கி நிறுத்தியது. "உப்பு இல்லை. இது வெளித் தண்ணீர். ஏமாற்று முயற்சிக்காக வரிசை எண் முந்நூற்று நாற்பது."

கதவு மூடியது. அரை நிமிடத்தில் சட்டையும் காய்ந்து சாம்பலாயிற்று. சீக்கிரம் காய்வதுதானே அந்தத் துணியின் பெருமை. பாட்டிலில் இன்னொரு வாய்த் தண்ணீர் இல்லை. மௌலிக்குக் கண்ணில் நீர் வந்தது. இரண்டு சொட்டு நெஞ்சில் விழுந்து, மூன்று செதில்கள் எழுந்து நின்றன. அதில் உப்பு இருந்தது.

"லேசான மனவருத்தம்" என்றது செதில்நோக்கி. "ஆலோசனைக்கு இரண்டாம் மாடி."

தூணோரம் நின்றிருந்த ஜுலைகா இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புருசன் பொண்டாட்டியிடம் அவள் நிறைய முறை தோற்றிருக்கிறாள். மௌலி அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, துண்டுக்குள்ள ஒருக்கா கையை வுடுங்க."

"இப்பவா? இங்க வெச்சா வெலை பேசப் போறோம்?"

"ஒரே ஒருக்கா."

சிந்துஜாவின் கையை அந்தத் துண்டு இன்னும் மூடியிருந்தது. ஜுலைகா அரை மனசோடு கையை உள்ளே விட்டாள். பதினோரு வருடமாக அவளுக்கு அந்தக் கை தெரியும். நாலு விரலைக் கப்பென்று பிடித்து, நகத்தால் ஒரு அழுத்து அழுத்தி, "இதுக்குக் கீழே இல்லை" என்று சொல்லும் கை. இப்போது அது இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது. பிடிக்க வந்த விரல்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன.

"ஏ சிந்து!" என்றாள் ஜுலைகா. "அடியே, என்னட்டீ இது!"

அவள் பூட்டுப் போடாதவள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அவள் சட்டை பளீரென்று வெளுத்தது.

"கடும் அவசரம்" என்றது செதில்நோக்கி. கதவு அகலத் திறந்தது. இரண்டு இயந்திரத் தாங்குகரங்கள் வந்து ஜுலைகாவைப் பூப்போலத் தூக்கிக் கட்டிலில் கிடத்தின.

"எனக்கில்லை! அவளுக்கு! விடு என்னை, மூதி! அவளத் தூக்கு!"

கத்தக் கத்தச் சட்டை இன்னும் வெளுத்தது. வெளுக்க வெளுக்கக் கட்டில் இன்னும் வேகமாக ஓடியது. மௌலி மனைவியின் தள்ளுகட்டிலைப் பின்னாலேயே முட்டித் தள்ளினான். ஒரு தடவைக்கு ஒரு சட்டைதான். கண்ணாடிக் கதவு அவன் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து குரல் தேய்ந்துகொண்டே போனது. "சிந்து! நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்கிடுதேன்! கேக்கா? நீ சொன்ன வெலைக்கே!"

மாடிப்படியில் யாரும் இறங்கி வரும் சத்தம் இல்லை. மௌலி துண்டுக்குள் கையை விட்டான். சிந்துஜா அவன் விரல்களைப் பிடித்தாள். நாலு. அவன் கதவைப் பார்த்தான், படியைப் பார்த்தான். மூன்று. இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி அவன் பார்த்ததில்லை.

"இறங்காதே சிந்து" என்றான். "அக்கா ஒத்துக்கிட்டாங்க. இறங்காதே."

இரண்டு.

மேலே செதில்நோக்கி அவன் பக்கம் திரும்பி, கனிவாகச் சொன்னது:

"பதறாமல் காத்திருப்பதற்கு நன்றி."