போதிப்பாறையில் தொங்கிய சட்டை

குமரி மண்ணில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அகிம்சை இடையறாமல் தழைத்து நிற்கும் ஒரே இடம் குன்னுவிளைப் போதிப்பாறை. குகை வாசலில் நட்டிருந்த தகரப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. புதன்கிழமை காலை ஆறு மணி வாக்கில் யாரோ அந்தப் பலகையை இரும்புக் குழாயோடு பிடுங்கி, அதன் விளிம்பால் வழிகாட்டி ராஜகுமாரின் மண்டையைப் பிளந்துவிட்டார்கள். அடித்தது மூன்று முறை. 'அகிம்சை' என்ற சொல்லின் மேல் அவனுடைய தலைமுடி ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கருங்கல்லில் தேவகனியின் வீட்டு முற்றத்தில் நாகம்மை வந்து நின்றாள். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டரான தேவகனி அரிவாள்மணையில் சாளை மீன் தலைகளை ஒன்றொன்றாக அரிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கொழுந்தன் பெர்லின் சும்மா நின்றான். வளைகுடாவில், தம்மாமில் பதினெட்டு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். மைனி ரிட்டயரான பிறகு துப்பறிந்த நான்கு வழக்குகளிலும் மூளை தன்னுடையது என்று அவன் உறுதியாக நம்பினான். மைனி மறுத்ததில்லை. ஒத்துக்கொண்டதும் இல்லை.

"எஸ்.ஐ. அக்கா, எனக்க மாப்பிளய ஸ்டேஷனுல போலீசுமாரு அடிச்சே கொன்னுருவினும். நாலு மணிக்குக் கோர்ட்டுல கொண்டு போவினுமாம். அதுக்கு முன்ன, நாந்தான் கொன்னேன்னு கையெழுத்து வாங்கதுக்கு உள்ளங்காலுல அடிக்கினும்" என்றாள் நாகம்மை.

அவள் கணவன் சுடலையாண்டி பாறைக்கு வாட்ச்மேன். பிணத்தை முதலில் பார்த்தவன் அவன். பார்த்தவன் சும்மா இருந்திருக்கலாம். தூக்கி மடியில் வைத்து அழுதிருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். போதாததற்கு, தன் சாராயக் குப்பியை ஒளித்துவைத்ததற்காக முந்தின நாள்தான் ராஜகுமாரைப் பார்த்து, "உனக்க மண்டைய ஒடைப்பேம்லே" என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறான்.

"அவரு குடிச்சா வாய்தான் அக்கா நீளும். கை நீளாது."

"வேற ஏதாவது சொன்னாரா பிள்ளே? பாறையப் பத்தி?"

நாகம்மை யோசித்தாள். "ரெண்டு நாளா குகைக்குள்ள டொக்கு டொக்குன்னு சத்தமாம். என்னன்னு கேட்டதுக்கு, மரங்கொத்தின்னு சாரு சொன்னாராம்."

"அந்த மொட்டப் பாறையில மரம் ஏது?"

"கல்லுகொத்தியா இருக்கும் மைனி" என்று சொல்லிச் சிரித்தான் பெர்லின்.

தேவகனி சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுக் குடையை எடுத்தார்.

*

சாரு என்பவர் டாக்டர் பகவதியப்பன். குளச்சல் கணவாய் மீனின் குடலை ஆராய்ந்து டாக்டர் ஆனவர். கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றதும் வரலாற்றின் குடலுக்குள் கையை விட்டார். ஊரார் அந்தப் பாறைக்குப் பேதிப்பாறை என்று பேர் சொல்வார்கள். போதி என்பதே பேதி என்று மருவியது என்று அவர் ஒரு நூல் எழுதி, மரபு மீட்புக் குழு அமைத்து, அதற்குத் தானே தலைவரானார். சுற்றுலாத் துண்டறிக்கை அச்சாகி வந்தது: 'போதகயா, சாரநாத், சாஞ்சி, குன்னுவிளை.' வெள்ளிக்கிழமை தாய்லாந்திலிருந்து பதினொரு பிக்குகள் வருவதாக இருந்தது. குழுவினருக்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கொரு காவி நிறச் சட்டை, சட்டைப்பையில் தர்மச் சக்கரத்தோடு, செவ்வாய்க்கிழமைதான் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரை அந்தச் சீருடையில்லாமல் யாரும் வரக்கூடாது என்று தலைவர் சுற்றறிக்கையும் விட்டிருந்தார்.

குகை வாசலில் மிச்சமிருந்த இன்னொரு பலகை சொன்னது: 'இது விகாரை. கோவில் அன்று. ஆடவர் சட்டையைக் கழற்ற வேண்டாம்.' இந்தப் பக்கத்துக் கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போவதில்லை. குகைக்குள் ஓரமாக ஒரு பகவதி அம்மனும் இருந்ததால் சிலர் பழக்கத்தில் இங்கேயும் கழற்றினார்கள். ராஜகுமார் தினமும் கழற்றுவான். பலகை அவனுக்காக வைத்ததுதான்.

"வாருங்கள் அம்மையீர்" என்று பகவதியப்பன் வரவேற்றார். பருத்த உடம்பு. காலை பத்து மணி வெயிலில் வியர்வை தாடையில் சொட்டியது. ஆனாலும் ஒரு பொன்னாடையை இழுத்து நெஞ்சை மூடியிருந்தார். "துக்கம் அனுசரிக்கிறேன். வாசலோரம் இருக்கிறதே, இது போதி தீர்த்தம். பௌத்தத் தேரர்கள் அருந்திய சுனை."

பெர்லின் மூன்று கை அள்ளிக் குடித்தான். "நல்ல ருசி சார்."

"எனக்குத் தாகமில்ல" என்றார் தேவகனி.

குகைக்குள் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஈக்கள் கூட்டம் போட்டிருந்தன. பின்சுவரில், தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடையோடு, சம்மணமிட்ட சிலை. இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே ஆடையின் விளிம்பு ஒரு கோடாக ஓடியது; அந்த இடத்தில் மட்டும் எண்ணெயும் கரியும் அப்பிக் கிடந்தன. தேவகனி விரலால் வழித்துப் பார்த்தார். விரலில் எண்ணெயோடு வெள்ளைப் பொடி வந்தது.

வாசல் கம்பியில் ராஜகுமாரின் காவிச் சட்டை தொங்கியது. ஒரு சொட்டு ரத்தமில்லை. இன்ஸ்பெக்டர் தடயங்களின் மகசரை எழுதி முடிக்காததால் கான்ஸ்டபிள் ஒருவர் அதற்குக் காவல் நின்றார். தேவகனி காலரைப் புரட்டினார்.

"நாப்பத்தி நாலு."

பெர்லின் நோட்டில் எழுதினான்: '44. ஆயிரத்துத் தொள்ளாயிரமா? சுதந்திரத்துக்கு முன்பா?'

அப்போதுதான் குழுவின் செயலாளர் எபிசன் ஏறி வந்தார். கடற்கரையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். இவருக்கும் தொந்தி உண்டு. தொளதொளவென்று காவிச் சட்டை.

"செவ்வாய்க்கிழம அவனுக்க உதட்டப் பொளந்தது நாந்தான். மறைக்க என்ன இருக்கு? எனக்க கெஸ்டுகிட்ட, இது புத்தர் இல்ல, சமணச் சாமி, மேல மூணு குடை இருக்கு பாத்தியளான்னு சொல்லுதான். பிக்குமாருகிட்டயும் சொல்லுவேன், எனக்க கையில பழைய போட்டோ இருக்குன்னான். ஒரு குத்து விட்டேன். காத்தடிச்சா பறக்குத ஆளு, பின்ன அங்க கெடந்தான்."

"அடிப்பது தவறு எபிசன்" என்றார் பகவதியப்பன். "இது அன்பின் பூமி."

"ஆமா, நேத்து மீட்டிங்குல எனக்க கழுத்தப் பிடிச்சது அன்புலயா ஓய்?"

இரண்டு பேரும் அங்கேயே கட்டிப் புரண்டார்கள். எபிசனின் மூக்கு உடைந்தது. பகவதியப்பன் ஒரு கையால்தான் சண்டை போட்டார். மறு கை பொன்னாடையை விடவே இல்லை. கான்ஸ்டபிள் விலக்கிவிட்டார்.

இறங்கும்போது பெர்லின் கிசுகிசுத்தான். "மைனி, எபிசன்தான். ரத்தத்தப் பாத்தா பயமே இல்லாத ஆளு."

"உனக்க வயிறு ஏம்லே சத்தம் போடுது?"

"பசி மைனி."

*

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு லத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் தேவகனி. அதனால் இரண்டு மணிக்கு, சம்பவத்தை நடித்துக் காட்ட என்று சொல்லி, சுடலையாண்டியைப் பாறைக்குக் கொண்டுவர அவர் ஒத்துக்கொண்டார். சுடலையாண்டி குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல், விலங்கிட்ட கையால் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினான். உதடு பலாச்சுளை மாதிரி வீங்கியிருந்தது. நாகம்மை பின்னாலேயே வந்தாள். எபிசன் மூக்கில் பஞ்சோடு நின்றார். பகவதியப்பன் பொன்னாடையோடு நின்றார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் உள்ள வாருங்க. பையனுக்காக மௌனமா நிப்போம்" என்று சொல்லிவிட்டு தேவகனி வாசல் ஓரமாக ஒதுங்கினார்.

எபிசன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். இன்ஸ்பெக்டர் ஷூவையும் தொப்பியையும் கழற்றினார். வாசல்படியில் கால் வைத்த பகவதியப்பனின் வலது கை, பொன்னாடைக்குள் நுழைந்து, மேல் பொத்தானைக் கழற்றியது. பிறகு கழுத்துக்குக் கீழே ஒரு ஊக்கைக் கழற்றியது. அடுத்த ஊக்குக்குப் போகும்போதுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. அறுபது வருஷத்துப் பழக்கம். மூளையைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

"எதுக்கு சார் கழத்துதிய? வேண்டாமின்னு நீங்கதானே பலக வச்சிய?" என்று தேவகனி கேட்டார்.

பொன்னாடை நழுவியது. காவிச் சட்டையின் இரண்டு பக்கமும் தொந்திக்கு மேல் நான்கு விரல் அகலத்துக்குப் பிரிந்து நின்றன. நடுவில் ஊக்குகள் வரிசையாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தன.

"இன்ஸ்பெக்டரே, அவருக்க காலரப் பாரும்."

"முப்பத்தெட்டு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெர்லின் நோட்டில் 44க்குப் பக்கத்தில் 38 என்று எழுதி, கழித்துப் பார்த்தான். ஆறு வந்தது. ஆறு மணிக்குத்தானே கொலை! அதை அவன் சொல்ல வாயெடுத்தபோது வயிற்றில் என்னமோ புரண்டது.

தேவகனி குரலை உயர்த்தவே இல்லை. "ராஜகுமாரு காத்தடிச்சா பறக்குத ஆளு. அவனுக்க சட்டையின்னு கம்பியில தொங்குனது நாப்பத்தி நாலு. அப்போ அவனுக்க சட்டைய வேற ஆரோ எடுத்திட்டுப் போயாச்சு. மாத்தி எடுக்கணுமின்னா, எடுத்தவனும் தனக்க சட்டையக் கழத்தி அதே கம்பியில போட்டிருக்கணும். எபிசன் சர்ச்சுக்குப் போற ஆளு, எந்தச் சாமிக்கும் சட்டையக் கழத்த மாட்டாரு. இவருக்க சட்டை இவருக்குத் தொளதொளன்னும் இருக்கு. சுடலையாண்டிக்கு இந்தச் சட்டையே குடுக்கல்ல, அவன் போட்டிருந்தது சொந்தச் சட்டை. அதுல நெறைய ரத்தம். கொன்னவன் சட்டையில ரத்தமே இருக்காது, அவன் சட்டையில்லாம வெறும் மேலோட நின்னில்லா அடிச்சான்! ஒடம்பத்தான் கழுவியிருக்கான்."

"எங்க மைனி கழுவினான்?" என்றான் பெர்லின்.

"வேற வெள்ளம் இஞ்ச எங்க இருக்கு? இந்தச் சுனையிலதான்."

பெர்லினின் முகம் வெளுத்தது.

"ஒருவர் இறுக்கமான சட்டை அணிவது குற்றமா?" என்றார் பகவதியப்பன். "நான் ஏன் அவனைக் கொல்ல வேண்டும்?"

"அந்தச் சிலைக்கும் ஒரு சட்டை போட்டதுனால." தேவகனி முந்தானையால் சிலையின் மார்பை அழுத்தித் துடைத்தார். கரி விலகியது. கறுத்த கல்லில், கோடு மட்டும் அரிந்த தேங்காய் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. "புத்தருக்கு மேல ஆடை உண்டு, சமணச் சாமிக்குக் கிடையாது. அதுக்குத்தான் ரெண்டு நாளா மரங்கொத்தி கொத்தினது. ராஜகுமாரு வச்சிருந்த போட்டோவுல இந்தக் கோடு இருக்காது. காலையில பேச வந்திய. ரெண்டு பேரும் சட்டையக் கழத்திட்டு உள்ள போனிய. அவன் முடியாதுன்னான். பலக புதுசா நட்டது, இழுத்ததும் கையோட வந்தது. அடிச்சிட்டு, கழுவிட்டு, கையில கிட்டின சட்டையச் சுருட்டிட்டு ஓடினிய. வீட்டுல போய்ப் போட்டப்ப விஷயம் புரிஞ்சிது. அதுக்குள்ள இஞ்ச ஊரு கூடியாச்சு. மாத்திப் போட வேற சட்டை இல்ல. சீருடை இல்லாம வரவும் ஏலாது, உங்க சுற்றறிக்கை."

பகவதியப்பன் சிலையைப் பார்த்தார். "கணவாய்க்காரன் என்றே முப்பது வருஷம் கூப்பிட்டார்கள். வெளிநாடுகளிலும் என் பேர் தெரிந்திருக்கும். ஒரு கோடு, அம்மையீர். ஒரே ஒரு கோடுதான்." அப்புறம் செந்தமிழ் அவரை விட்டுப் போயிற்று. "அந்தத் தாயளி கேக்கல்ல! அடிச்சேன்! விழல்ல, பின்னயும் அடிச்சேன்!"

சொல்லிக்கொண்டே வெளியே பாய்ந்து, சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொன்ன பலகையைக் குழாயோடு பிடுங்கிச் சுழற்றினார். முதல் வீச்சில் இன்ஸ்பெக்டரின் தோளெலும்பு மரச்சீனிக் கிழங்குச் செடியின் கம்பு மாதிரி முறிந்தது. இரண்டாம் வீச்சு எபிசனின் காதை உரசிக்கொண்டு பாறையில் பட்டுப் பொறி பறந்தது. பெர்லின் "மைனி!" என்று ஒரே ஒரு அலறல் அலறிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஓடினான். மூன்றாம் வீச்சுக்குப் பலகை உயர்ந்தபோது, தேவகனி குடையின் வளைந்த பிடியை அவர் கணுக்காலில் மாட்டி இழுத்தார். டாக்டர் பகவதியப்பன் வாசல்படி தாண்டி உள்ளே போய், சிலையின் முழங்காலில் முகம் மோத விழுந்தார். நான்கு பற்கள் தெறித்தன. சுடலையாண்டி அந்தக் காலோடு நொண்டிப் போய் அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஒரு கையால் விலங்கைத் திறந்தார். வலியில் சாவி இரண்டு முறை கீழே விழுந்தது.

"எனக்க மாப்பிளைக்க கால அடிச்சு ஒடச்சியளே, அதுக்கு என்ன சார் சொல்லுதிய?" என்றாள் நாகம்மை.

இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். அங்கே, கழற்ற வேண்டாம் என்ற பலகை கிடந்தது. அதைப் படித்தார். முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"படிச்சு முடிச்சாச்சுன்னா வண்டிய எடும்வே" என்றார் தேவகனி. "அவனக் கோர்ட்டுக்கில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். நீரும் கூடப் போவும்."

வெள்ளிக்கிழமை பதினொரு பிக்குகளும் வந்தார்கள். மூன்று குடையை அண்ணாந்து பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். குகையைப் பெருக்கிக் கழுவிக்கொண்டிருந்த நாகம்மையை வணங்கிவிட்டுப் போனார்கள். அன்றைய மாலைப் பத்திரிகை, கொலையாளி பிடிபட்ட அதே நொடியில் ஓய்வு பெற்ற வளைகுடா அதிகாரி பெர்லின், தப்பியோடிய கூட்டாளி ஒருவனைப் பாறைக்குப் பின்னால் துரத்திச் சென்று முக்கால் மணி நேரம் தனியாகப் போராடியதாக எழுதியிருந்தது. பெர்லின் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான்.

கூட்டாளி யாரும் கிடையாது. ஊரார் அந்தப் பாறைக்குச் சொல்லிவந்த பெயர்தான் சரி.