பாஞ்சாலைக்கு ஒரு பூசை

சித்திரையில் இப்படியொரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒண்டிக்கொண்டு, கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்த லிசா, மடியிலிருந்த சின்னப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அழுத்தி எழுதினாள்: பொய்!

"புத்தகத்துல கிறுக்கலாமாங்க?"

பக்கத்தில் நனைந்த சட்டையோடு ஒருவன். இமையோரம் மழைத்துளி... கண்ணில் மட்டும் கோபம்.

"பொய்ய அச்சடிக்கலாம், நாங்க கிறுக்கக் கூடாதா?"

"என்ன பொய்யாம்?"

கேட்டால் விடுவாளா? தொண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் ஊறுகாயில் கலந்த விஷத்தால் செத்தார். வேலைக்காரி பாஞ்சாலையைத் தூக்கில் போட்டார்கள். ஊறுகாய் இருந்த பீங்கான் ஜாடியின் அடியில் மூன்று விரல் தடம்; விஷம் தோய்ந்த அவள் விரல்கள் ஜாடியின் பளபளப்பைத் தின்றுவிட்டன என்பது சாட்சி. புத்தகமும் அதையே சொன்னது.

"எண்பது பக்கம்... ஒரே மூச்சுல படிச்சேங்க. கோர்ட்டு, ஜெயிலு எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா செத்த பொம்பளைய ரெண்டாவது வாட்டியும் தூக்குல போட்டுட்டாரு!"

"கோர்ட்டே சொல்லிடுச்சே?"

"கோர்ட்டுல யாரும் ஜாடி செஞ்சதில்ல. நான் செய்யிறேன். பளபளப்புக்கு ஜாடிய கிளேஸ் கரைசல்ல முக்குறப்ப, விரல் புடிச்ச எடத்துல ஒட்டாது. சூளையில வெந்து வந்தா அந்த எடம் மொட்டையா நிக்கும். அது செஞ்சவன் விரலுங்க... பாஞ்சாலை விரலு இல்ல."

அவன் முகம் வெளுத்தது. "எழுதுனது நான்தான்... வளன்."

லிசாவுக்குக் காது வரை சூடேறியது. இருந்தாலும் தலையைத் தாழ்த்தவில்லை.

"அப்ப நல்லதா போச்சு. ஆளையே புடிச்சுட்டேன்! நம்பலைன்னா எங்க ஷெட்டுக்கு வாங்க."

வந்தான். அவன் கண்ணெதிரே ஒரு ஜாடியை முக்கி எடுத்தாள். சூளை திறந்த அன்றும் வந்தான். ஜாடியின் அடியில் மூன்று மொட்டைத் தடங்கள்... அவற்றில் தன் விரல்களை வைத்துப் பார்த்தான்.

"செத்தவரு எங்கப்பாவோட தாத்தாங்க," என்றான் மெல்ல. "பாஞ்சாலை இல்லைன்னா... வூட்டு ஆளுங்கள்ல யாரோன்னு ஆயிடுமே. அப்பா தாங்க மாட்டாரு."

"பாஞ்சாலைக்கும் வூடு இருந்திருக்கும்ல? அவுங்க தாங்குனாங்களே!" அவள் குரல் உடைந்தது. "திருத்த மனசில்லைன்னா இந்தப் பக்கம் வராதீங்க."

போய்விட்டான். நல்லவன்தான்... பயந்தாங்கொள்ளி. அந்தக் கண்களை நினைக்கவே கூடாது என்று நினைத்து நினைத்தே பத்து நாள் போயிற்று. ஜெபமாலை உருட்டும்போதுகூட அவன் முகம் குறுக்கே வந்து நின்றது.

பதினோராம் நாள் போனில் வளனிடமிருந்து ஒரு செய்தி. 'ஞாயித்துக்கிழமை எங்க கோவிலுக்கு வாங்க.'

கோவில் நிறைந்திருந்தது. நின்றுகொண்டிருந்த லிசாவுக்கு ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். இன்றைய பூசை யாருக்காக என்று பங்குச்சாமியார் வாசித்தார்: "குற்றமில்லாமல் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலையின் ஆன்மா இளைப்பாற... வேண்டுபவர், வளன்."

கூட்டம் சலசலத்தது. முன்வரிசையில் வளனின் அப்பா அடைக்கலம் எழுந்து விறுவிறுவென்று வெளியே போனார். லிசாவுக்கு இடம் கொடுத்த அந்த அம்மா மட்டும், முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து அடுத்தவர்... அதற்கடுத்தவர்... ஆண்டவர் இப்படித்தான் தீர்ப்பைத் திருத்துவார் போலும்.

பூசை முடியும்வரை வாசலிலேயே காத்திருந்தார் அடைக்கலம்.

"யாரக் கேட்டுடா பூசை குடுத்த?"

"எழுதுனது நான்ப்பா. திருத்துறதும் நான்தான். அடுத்த பதிப்புல மாத்திடுவேன்."

"அப்ப வூட்டுப் படி ஏறாத!"

"படிக்குக் கீழயே நிப்பேன்ப்பா, நீங்க கூப்புடுற வரைக்கும். ஆனா இதுலேர்ந்து பின்வாங்க மாட்டேன்."

அடைக்கலத்தின் வண்டி சீறிக்கொண்டு போயிற்று. ஊரே பார்க்க, வளன் தனியாக நின்றான். லிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவன் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரும் பாக்குறாங்க லிசா..."

"பாக்கட்டும். எனக்கு உங்கள புடிச்சிருக்குது, வளன்."

அப்பாவிடம் நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. "என்ன... என்ன சொன்னீங்க?"

மாதா சிலை வைத்த கெபியருகே நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். லிசா இன்னும் உரக்கச் சொன்னாள்.